மற்றப் பிள்ளைகள்

ஜனவரி 11

அக்கா,

உன் கன்னியர் மடத்தில் போன் என்பது சாவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் என்று தெரியும். இப்போதைக்கு இரண்டும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதுவதால், நடுவில் கையெழுத்து கோணினால் யாரோ மூக்குக்கண்ணாடி வாங்க வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.

விஷயம் அப்பாவைப் பற்றி. போன வாரம் வேனைப் பின்னால் எடுக்கும்போது எதிர்வீட்டு கேட் தூணில் உரசிவிட்டார். ஒரு பக்கம் முழுக்கப் பெயின்ட் போய்விட்டது. கேட்டால், "அந்தத் தூணு முன்னாடி அங்க இல்லடா" என்கிறார். நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தூண் அங்கேதான் நிற்கிறது. ஆயுசில் பாதியை லாரியில் கழித்து, ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காமல் வீடு வந்து சேர்ந்த மனிதர். தெருவே 'பைலட்' என்று கூப்பிடுகிறது. அவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்ததுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

என் மனைவி சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மாமாவுக்குக் கண்ணு சரியா தெரியலன்னு தோணுதுங்க. தண்ணி ஊத்தும்போது டம்ளர் நெறஞ்சு வழியுது, அது தெரியாம ஊத்திட்டே இருக்காரு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குக் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவன் நான். என் வீட்டுக்குள் ஒருவருக்குக் கண் தெரியவில்லை என்றால் கடையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனாலும் மனசு கேட்காமல், மறுநாள் மத்தியானம் அப்பா வழக்கம்போல் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் பரிசோதனை நாற்காலியில் ஏற்றிவிட்டேன்.

அக்கா, எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே கடகடவென்று படித்தார். கடைசி வரி எனக்கே கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். அதையும் தண்ணி பட்ட பாடாகப் படித்து முடித்து, "போதுமா டாக்டர்?" என்று எழுந்து போனார். கம்ப்யூட்டரிலும் பவர் பெரிதாக மாறவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நாலு வார்த்தை அதிகமாகவே பேசிவிட்டேன்.

பேசிவிட்டேனே தவிர, எனக்கு நிம்மதி இல்லை. அந்த வேனில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். முன்சீட்டில் என் மகள், நம் வாயாடி, உட்கார்ந்திருக்கிறாள். நான் ஏதாவது சொன்னால், "உனக்கு சைக்கிள் கத்துக் குடுத்ததே நான்தான்டா" என்று முடித்துவிடுவார். நீ சொன்னால் கேட்பார். அம்மா போனபிறகு இந்த வீட்டில் அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீதான். அதுவும் நீ மதிலுக்குள் இருப்பதால் பயம் கொஞ்சம் கூடுதல். என்ன செய்யலாம், சொல்.

தம்பி

*

ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போன வருஷமாக இருந்தால் ஒரு முறை படித்துவிட்டு உடனே ஆறு பக்கம் எழுதியிருப்பேன். இந்த வருஷம் அப்படிச் செய்ய முடியாது. காரணத்தைக் கேள்.

வருஷத்தின் முதல் நாள் எங்கள் மடத்தில் ஒரு கூடையில் மடித்த சீட்டுகள் வைப்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு புண்ணியம் எழுதியிருக்கும். கையில் எது வருகிறதோ அதை அந்த வருஷம் முழுக்கப் பழக வேண்டும். போன வருஷம் எனக்குப் பொறுமை வந்தது. மடம் முழுக்க என்னைப் பொறுத்துக்கொண்டது. இந்த வருஷம் பிரித்துப் பார்த்தால் விவேகம். மதர் எட்டிப் பார்த்து, "அப்பாடா, இந்த வருஷமாவது சாப்பாட்டறை கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அறைக்கு வந்து யோசித்தபோது சுருக்கென்றது. வாயால் கெட்ட காரியங்கள் எனக்கு ஏராளம். ஆகவே இந்த வருஷம் நாக்கை அடக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். முந்தாநாள் சமையல் சிஸ்டர் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். சொல்லவில்லை. அன்றைக்கு மடமே தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு முட்டத்தான் செபத்துக்கு வந்தது. நான் மட்டும் விவேகத்தில் ஒரு படி ஏறியிருந்தேன்.

அதே விவேகத்தோடு உனக்கும் சொல்கிறேன். அவசரப்படாதே. பதறாத காரியம் சிதறாது. ஒரு தூணில் உரசியதற்காக ஒரு மனிதரை வீட்டில் உட்கார வைக்க முடியுமா? நீயே சோதித்துப் பார்த்திருக்கிறாய். கண் சரியாக இருக்கிறது. அம்மா இறந்த பிறகு அப்பா எத்தனை மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று உனக்கு நினைவிருக்கும். பழைய வேனை வாங்கி, 'தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன்' என்று ஆரம்பித்த பிறகுதான் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். அந்த வேனைப் பிடுங்கினால் மறுபடி அவரை யார் எழுப்புவது?

கொஞ்ச நாள் கூட இருந்து கவனி. ஒரு வார்த்தையும் விடாதே. உன் மனைவியிடம் பேசியதற்கு மட்டும் இன்றே மன்னிப்புக் கேள்; அதற்கு விவேகம் தேவையில்லை.

அக்கா

*

பிப்ரவரி 1

அக்கா,

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. "உங்கக்கா சொல்லித்தான் கேக்கறீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை.

நீ சொன்னபடி கவனித்தேன். ஸ்கூட்டர் ரிப்பேர் என்று பொய் சொல்லிவிட்டு ஒருநாள் காலையில் வேனில் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அப்பா ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் அக்கா. பிரேக் போட்டது தெரியாது, கியர் மாற்றியது தெரியாது. எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்த வீட்டு நாய் குறுக்கே வரும், எல்லாம் அவர் கைக்கே தெரிந்திருக்கிறது. நானே வெட்கப்பட்டேன்.

முன்சீட்டில் வாயாடி. அத்தையைக் கொண்டு பிறந்தது என்று நீ பெருமைப்பட்டுக்கொள்ளலாம்; வாயை மூடவே இல்லை. "தாத்தா, செவப்பு." "தாத்தா, பச்சை வந்துடுச்சு." "தாத்தா, ஒரு ஆன்ட்டி ரோட்டைத் தாண்டறாங்க." "தாத்தா, சைக்கிள்." நான், "ஏய், தாத்தாவை ஓட்ட விடு" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "இது எங்க வெளையாட்டுப்பா. நான்தான் ரெண்டாவது பைலட்" என்றாள். அப்பா சிரித்தார். "அவ வாய் சும்மா இருக்காது. அதான் ஒரு வேலை குடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு முந்தின சிக்னல் வந்தபோது வாயாடியின் பென்சில் பெட்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். சிக்னலில் சிவப்பு. வேன் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. "அப்பா, செவப்பு" என்றேன். நான்தான் சொன்னேன் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. அப்பா பிரேக் போட்டார். "தெரியும்டா" என்றார். வாயாடி பெட்டியோடு நிமிர்ந்து, "பச்சை, தாத்தா" என்றாள்.

இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதை என்று தாண்டவும் முடியவில்லை. தாத்தாவும் பேத்தியும் விளையாடுகிறார்கள் என்றால் நான் இத்தனை பயப்படுவது முட்டாள்தனம். விளையாட்டு இல்லை என்றால், நான் அன்றைக்கே வேனை ஓரம் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இறங்கி, கடைக்கு நடந்து வந்து, ஷட்டரைத் தூக்கி, வந்தவர்களுக்குக் கண்ணாடி போட்டேன்.

இனியும் கவனிக்கவா? கவனித்துக் கவனித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தம்பி

*

பிப்ரவரி 8

தம்பி,

இது மூன்றாவது காகிதம். முன்னால் எழுதிய இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலாவதில் ஒரே வரிதான்: 'சாவியை வாங்கி வை.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது பழைய வாயாடியான நான் எழுதியதைப்போல் இருந்தது. யாரையும் கேட்காமல், எதையும் நினைத்துப் பாராமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. என் சீட்டு ஞாபகம் வந்தது. கிழித்துவிட்டேன்.

நிதானமாக யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். இன்னும் கொஞ்ச வாரத்தில் பரீட்சை முடிந்து பெரிய விடுமுறை வந்துவிடும். வேன் தானாகவே நிற்கும். அந்தச் சமயத்தில், 'இன்ஜினைப் பிரிக்க வேண்டும், செலவு கட்டுப்படியாகாது' என்று ஏதாவது சொல்லி, வண்டியை மெதுவாகக் கழற்றிவிடலாம். அப்பாவின் முகம் வாடாது. தெருவிலும் ஒரு பேச்சு வராது. அதுவரை இன்னொரு முறை சரியாகச் சோதித்துப் பார். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நவகன்னியருக்குத் தலையான நான்கு புண்ணியங்களைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டும் என்று மதர் சொல்லியிருக்கிறார். அதில் விவேகத்தை எனக்குக் கொடுத்திருப்பது மதரின் குறும்பு. பாம்பைப்போல் விவேகமும் புறாவைப்போல் கபடின்மையும் வேண்டும் என்கிறது வேதம். 'பாம்புபோல் இருக்கச் சொல்கிறாயா, புறாபோல் இருக்கச் சொல்கிறாயா?' என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய். இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் தெரியவில்லை. படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடப் போகும்போதும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் போடுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

நல்ல செய்தி. நீ சொன்ன மாதிரியே எல்லாம் விவேகமாக நடந்து முடிந்தது. சத்தம் இல்லை, சண்டை இல்லை.

முதலில் சோதனையைச் சொல்கிறேன். அப்பா தினமும் மத்தியானம் இரண்டு நடைக்கு நடுவில் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பார், உனக்குத் தெரியும். வருகிற போகிற ஆள் எல்லாம் அந்தப் பலகையைச் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தடுமாறினபோது, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பா அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுத்தார். பலகை முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே வேறு எழுத்துகள் போட்ட பலகை ஒன்று வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். அளவு அதேதான், சட்டமும் அதேதான். அப்பாவை உட்கார வைத்தேன். "மறுபடியுமா?" என்றார். "சும்மா ஒரு தடவப்பா" என்றேன். படித்தார். மேலிருந்து கீழே, ஒரு திக்கலும் இல்லாமல், கடைசி வரி வரைக்கும் படித்தார். பழைய பலகையைப் படித்தார் அக்கா. சுவரில் இருந்ததில் ஓர் எழுத்துகூட அவர் வாயில் வரவில்லை. "பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார். நான் லென்ஸ் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. கடையில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி நானும் மனைவியும் பேசினோம். விடுமுறைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அப்பாவை நோகடிக்காமல், நாமும் பயப்படாமல் என்ன செய்யலாம்? பாம்பும் சாக வேண்டும், தடியும் நோகக் கூடாது. நான்தான் வழி கண்டுபிடித்தேன். வாயாடிக்குக் காலையில் பாட்டு வகுப்பு சேர்த்திருக்கிறோம், அதனால் நானே ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டோம். சாயங்காலமும் நானே போய்க் கூட்டி வருகிறேன். அவள் வாயை அடைக்கத்தான் கொஞ்சம் மிட்டாய் தேவைப்பட்டது.

"இனிமே அவ வரமாட்டாளா?" என்று மட்டும் அப்பா கேட்டார். "கொஞ்ச நாளைக்குப்பா" என்றேன். துணியை எடுத்து முன்சீட்டைத் துடைத்தார். அப்புறம் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்று திருப்பம் வரை பார்த்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறார்.

ஒரு வாரமாக இப்படியே போகிறது. மனசு கொஞ்சம் லேசாகியிருக்கிறது. உனக்கும் லேசாகட்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன். உன் வகுப்பில் விவேகத்துக்கு உதாரணம் தேவைப்பட்டால் தம்பியைச் சொல்லலாம். பெயர் போட வேண்டாம்.

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பி,

உன் கடிதம் இன்று பகல் செபத்துக்கு முன்னால் வந்தது. நின்றபடியே படித்தேன். நேராக மதரிடம் போய் போன் கேட்டேன். "யாரு செத்தாங்க?" என்றார். "இன்னும் யாரும் இல்ல மதர். அதனாலதான் கேக்கறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போன் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

உன் கைபேசி எண்ணும் கடை எண்ணும் என்னிடம் இல்லை. மனப்பாடமாக இருப்பது வீட்டு எண் ஒன்றுதான். உன் மனைவி வேலைக்குப் போயிருக்கும் நேரம். எடுத்தது அப்பா. சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பா, நான்தான்" என்றேன். என் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அப்பா, உங்களுக்கு எவ்வளவு நாளா கண்ணு தெரியல?"

தட்டைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உன் தம்பி சொல்லச் சொன்னானா?" என்றார்.

"இல்லப்பா. அவன் சொல்ல மாட்டேங்கறான். நானும் இத்தன நாள் சொல்ல வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

"சாயங்காலம் புள்ளைங்கள கொண்டுவந்து விடணும். அப்புறமா பேசிக்கலாம்."

"வேண்டாம்பா. சாயங்காலமும் வேண்டாம்."

போனை வைத்துவிட்டார். கோபத்தில் வைத்தாரோ, வேறு எப்படி வைத்தாரோ, எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

இப்போது உனக்கு. நீ உன் பிள்ளையைத்தான் இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ இறக்கியது அப்பாவின் கண்ணை. சிவப்பு, பச்சை, சைக்கிள் என்று சொல்ல ஒரு வாய் முன்சீட்டில் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை அவரோடு ஏற்றி அனுப்பி, திருப்பம் வரை நின்று பார்த்திருக்கிறாய். நம் பிள்ளை பத்திரம் என்றதும் உனக்கு மனசு லேசாகிவிட்டது. அந்த வரியைப் படித்ததும்தான் போன் கேட்க ஓடினேன்.

திட்டுகிறேன் என்று நினைக்காதே. உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான். வகுப்புக்காகப் படித்ததை உனக்கும் சொல்கிறேன். விவேகத்துக்கு மூன்று வேலை உண்டு என்கிறார்கள் பழைய வேத சாஸ்திரிகள். முதலில் ஆலோசனை கேட்பது. அடுத்தது இதுதான் சரி என்று தீர்மானிப்பது. கடைசியில் தீர்மானித்ததை எழுந்து செய்வது. இந்தக் கடைசி வேலைதான் தலை. அது இல்லையென்றால் முதல் இரண்டும் இருந்து பயனில்லை. நானும் நீயும் கடிதம் கடிதமாக முதல் வேலையையே செய்துகொண்டிருந்தோம். இதை நேற்று வகுப்பில் வாசித்துக் காட்டியபோது நவகன்னி ஒருத்தி கேட்டாள். "அப்ப சும்மா காத்திருக்கறதுதான் விவேகம்னா, இந்த வீட்டுல படிக்கல்லுதான் பெரிய விவேகியா சிஸ்டர்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கல்லு நான்தான் என்று பட்டது. ஆனாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். உன் கடிதம் இன்றைக்கு வந்தது.

இன்னொன்றும் படித்தேன். தன் சட்டையில் சேறு படாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் விவேகத்தின் உடுப்பையே போட்டுக்கொண்டு வருமாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம். நீதி, துணிவு, தன்னடக்கம் மூன்றையும் ஓட்டிப் போகும் சாரதி என்று விவேகத்தைச் சொல்கிறது திருச்சபை. ஓட்டுநர் வீட்டில் பிறந்தும், வண்டியை நிறுத்தவும் ஓட்டுநர்தான் வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குப் புண்ணியம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்த முதல் காகிதத்தைக் கிழிக்காமல் அனுப்பியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்களா? மற்றது எதுவும் எழுதாவிட்டாலும் அதை மட்டும் உடனே எழுது. இதை எழுதும்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

நீ போனில் பேசியதை அப்பா சொன்னதும், பிள்ளைகள் எல்லோரும் பத்திரம் என்று அன்று சாயங்காலமே உன் மடத்துக்குப் போன் செய்து வாசல் சிஸ்டரிடம் சொன்னேன். "செத்தது யாரு?" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று வாயாடியைக் கூட்டி வந்து மனைவியிடம் விட்டுவிட்டு, கடையில் ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, காதுப் பக்கம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வெளியே பார்த்து, "என்ன, பைலட் நடந்து வர்றாரு" என்றாள். திரும்பினேன். அப்பா தெரு ஓரமாக நடந்து வந்தார். பின்னால் வேன் பிள்ளைகள், பையை மாட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையாக வந்தார்கள். வேனை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிருக்கிறார். மெயின் ரோட்டைத் தாண்டும்போது மட்டும் பள்ளிக்கூட வாட்ச்மேனைத் துணைக்குக் கூப்பிட்டாராம். "எனக்கு லைட்டு தெரியல, நீ கொஞ்சம் நிறுத்திக் குடு" என்று கேட்டாராம். என்னிடமோ உன்னிடமோ சொல்லாததை ஒரு வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஒரே வார்த்தையைச் சொன்னார். "நாளைலேருந்து வேற வண்டி பாத்துக்குங்க. எனக்குக் கண்ணு சரியில்ல. சொல்லாம ஓட்டிட்டு இருந்தேன், அது தப்பு." ஒரு வீட்டில் நம்பாமல் சிரித்தார்கள். ஒருவர் அப்பாவைக் கை நீட்டி ஏசினார். அப்பா முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரை நான் வாங்கி அவர் கையில் வைத்தேன்.

கடைசி வீட்டு அம்மா மட்டும் கதவருகே நின்று யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமா, உங்க பொண்ணு கொஞ்ச நாளா வேன்ல வரலையாமே? எம்புள்ள சொன்னான். ஏன்?"

அப்பாதான் பதில் சொன்னார். "அவளுக்குக் காலைல பாட்டு கிளாஸும்மா." குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

டாக்டரிடமும் போய் வந்தாகிவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். ஓரத்தில் தெரிகிறது, நேர் எதிரே இருப்பது தெரியவில்லை. என்னுடைய எந்தக் கண்ணாடியாலும் ஆகாது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வாயாடி இப்போது வீட்டுக்குள் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறாள், பாதியைத் தானே இட்டுக்கட்டி. அப்பா கடைக்கு வருவதில்லை. நான் பேசினால் பதில் சொல்கிறார், தானாக ஒன்றும் பேசுவதில்லை. உன்னை மட்டும் கேட்டார்: "திட்டினதுக்கு அப்புறம் சாப்பிட்டாளாமா?"

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். எழுதிவிடுகிறேன். அன்று கடைசி வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அப்பாவிடம், "ஏம்பா அப்படிச் சொன்னீங்க?" என்றேன். நடந்துகொண்டே சொன்னார். "பாட்டு கிளாஸ்னு ஒண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும்டா. நீ அவள எறக்குன அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. சரி, நாளைக்கு மத்த புள்ளைங்களயும் எறக்கிடுவான்னு நெனச்சேன். தெனமும் காலைல வண்டிய எடுக்கும்போது, இன்னிக்கு வருவான், இன்னிக்கு வருவான்னு பாத்துட்டே இருந்தேன்."

"நீங்களே நிறுத்தியிருக்கலாமேப்பா."

"நிறுத்தியிருக்கணும். என்னால முடியல. புள்ளைங்கள எதுக்குப் பெத்து வெச்சிருக்கேன்?"

வாசலில் நின்ற வேனைத் தாண்டி உள்ளே போனார்.

இன்று காலை பேனாவை எடுத்தபோது முதலில் எழுத நினைத்தது வேறு. 'அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லட்டுமா, சொன்னால் தெருவில் என் முகத்தில் விழிப்பார்களா, நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டு எழுத நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். பாட்டு வகுப்பு இல்லை, எனக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்துதான் என் பிள்ளையை மட்டும் இறக்கினேன் என்று சொன்னேன். அந்த அம்மா முழுவதும் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்துதான் இந்தக் கடிதத்தை எழுதினேன். இதை வழியில் பெட்டியில் போட்டுவிட்டு மற்ற வீடுகளுக்குப் போகிறேன்.

தம்பி